பழைய திரெட்டிங் மெஷின்: ஓடினால் மட்டும் போதுமா?

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் பனியன்தான் ஞாபகம் வரும். ஊசி, நூல், சாயம், ஏற்றுமதி... இந்த வரிசையில் பைப்புக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை. ஆனால் எந்த நிட்டிங் ஷெட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தாலும் கம்ப்ரஸரிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் காற்று கொண்டுபோகும் லைன் தெரியும். பஞ்சு தூசியை ஊதித் தள்ள, எண்ணெயைத் தெளிக்க, அந்தக் காற்று வேண்டும். சாயப்பட்டறைக்குப் போனால் தண்ணீர் லைன், ஸ்டீம் லைன், கன்டென்சேட் லைன். எக்ஸ்போர்ட் கம்பெனி என்றால் தீயணைப்பு லைனும் சேரும்.

2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்கு வந்த உத்தரவு அது. அதன் பிறகு மறுபடி ஓடவேண்டுமென்றால் சவ்வூடு வடிகட்டி, மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாபரேட்டர் என்று பெரிய ஏற்பாடு தேவைப்பட்டது. அத்தனைக்கும் பைப் வேண்டும். துணி ஊரென்று பெயர், ஆனால் துணிக்குப் பின்னால் ஓடுவது பைப் ஊர்.

இந்த இரும்பு பைப்புகளின் முனையில் மரை போடும் இயந்திரம்தான் பைப் திரெட்டிங் மெஷின். புதிதாக வாங்க வசதியில்லாத சின்ன கான்ட்ராக்டர்கள் பழைய மெஷினைத்தான் தேடுகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிட்டிங் மெஷினையே இரண்டாம் கையாக வாங்கி, பிரித்து மேய்ந்து, ஓடவைத்து முன்னுக்கு வந்த ஊர் இது. பழைய மெஷினை வாங்கியதும் சரி, ரிப்பேர் செய்து ஓட்டுவதும் சரி. எது தப்பென்றால், "ரிப்பேர் ஆகிவிட்டது" என்று எப்போது சொல்கிறோம் என்பதில் இருக்கிறது தப்பு.

"ஓடுதுங்களா?"

"நல்லா ஓடுதுங்க, சுவிட்ச் போட்டுப் பாருங்க."

வியாபாரம் இந்த இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. மெஷின் ஓடுகிறதா என்பது முதல் கேள்விதான். அது போடும் மரை ஒழுகாமல் பிடிக்கிறதா என்பது இரண்டாவது. நிறுத்தவேண்டிய நொடியில் அது நிற்கிறதா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் "ஆம்" வராத மெஷின் ரிப்பேர் ஆன மெஷின் அல்ல. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

மெஷினுக்குள் என்ன இருக்கிறது?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு மோட்டார், ஒரு கியர் பெட்டி, பைப்பைக் கவ்விச் சுற்றும் சக். முன்னால் இருப்பது அடித்து இறுக்கும் சுத்தியல் சக். பின்னால் பைப்பை நடுவில் பிடித்துவைக்க இன்னொரு சின்ன சக். எதிரே இரண்டு தண்டவாளக் கம்பிகள் மேல் முன்னும் பின்னும் நகரும் வண்டி. அந்த வண்டியில் மூன்று கருவிகள்: பைப்பை அறுக்கும் கட்டர், உள்விளிம்பின் பிசிறை எடுக்கும் ரீமர், மரை வெட்டும் டை ஹெட். டை ஹெட்டுக்குள் நான்கு டைகள். கீழே எண்ணெய்த் தொட்டி, ஒரு சின்ன பம்ப். தரையில் ஒரு கால் பெடல். (சாயப்பட்டறைக்கும் டையிங், மரைக்கும் டை. திருப்பூரில் மட்டும் இந்தக் குழப்பம் கூடுதல் :-))

மோட்டார் பைப்பைச் சுற்றுகிறது, டை அசையாமல் நிற்கிறது. முதல் ஓரிரு சுற்றுக்கு ஆபரேட்டர் வண்டியை அழுத்திக் கொடுக்கவேண்டும். அப்புறம் வெட்டிய மரையே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். பைப்பின் முனை டையின் வெளி விளிம்போடு சமமாக வந்ததும் டை ஹெட்டைத் திறந்துவிடவேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஸ்பேனரை எடுக்கும் முன் மரையைப் படியுங்கள்

பழைய மெஷின் பட்டறைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம் கியர் பெட்டியைத் திறப்பது. அல்லது "டை போச்சுங்க" என்று புது டை வாங்கச் சொல்வது. டாக்டர் நாடி பார்க்காமல் ஆபரேஷன் செய்வது மாதிரி இது. மெஷினின் வியாதி முழுவதும் அது போட்ட மரையில் எழுதியிருக்கிறது. ஒரு துண்டு பைப்பில் ஒரு மரை போட்டு, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மரையின் முகடுகள் பிய்ந்து, கிழிந்த மாதிரி இருந்தால்: டை மழுங்கியிருக்கலாம், பல் உடைந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன் பார்க்கவேண்டியது எண்ணெய். வெட்டும் இடத்தில் எண்ணெய் கொட்டுகிறதா? இது மரை வெட்டுவதற்கென்று உள்ள எண்ணெய்தானா? கையில் கிடைத்த கழிவு எஞ்ஜின் ஆயிலையோ நிட்டிங் மெஷினுக்கு ஊற்றும் ஊசி எண்ணெயையோ ஊற்றினால் நல்ல டையும் கெட்ட மரைதான் போடும். ஊசி எண்ணெய் துணியில் பட்டாலும் சலவையில் போகவேண்டும் என்பதற்காகத் தயாரிக்கப்படுவது. இரும்பை வெட்டும் இடத்தின் அழுத்தத்தையும் சூட்டையும் தாங்குவது அதன் வேலை இல்லை.

அடுத்து, டைகளின் எண். நான்கு டைகளிலும் 1 முதல் 4 வரை எண் பொறித்திருக்கும். டை ஹெட்டில் உள்ள காடிகளிலும் அதே எண்கள் இருக்கும். எண் மாறி மாட்டியிருந்தால் மரை உருப்படாது. பழைய மெஷினில் இன்னொரு கூத்தும் நடக்கும். இரண்டு செட்டில் உடைந்தது போக மிஞ்சியதை ஒன்றாகச் சேர்த்து ஒரு செட் ஆக்கியிருப்பார்கள். எண் 1, 2, 3, 4 என்று சரியாக இருக்கும், ஆனால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அல்ல. டைகளை ஒரு செட்டாகத்தான் மாற்றவேண்டும், ஒற்றையாக அல்ல.

மரை ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருந்தால்: டையின் மேல் குற்றமில்லை. பைப் நடுவில் சுற்றவில்லை. பின் சக்கை இறுக்காமல் விட்டிருக்கலாம். முன் சக்கின் கவ்வும் பற்கள் ஒன்று தேய்ந்து ஒன்று தேயாமல் இருக்கலாம். பைப்பே வளைந்திருக்கலாம். கட்டர் கோணலாக அறுத்திருக்கலாம். ஒரு நேரான துண்டு பைப்பைக் கவ்வி, அதன் முனைக்கு எதிரே அசையாத ஒரு கம்பியை நிறுத்திவைத்து, தள்ளி நின்று ஓடவிட்டுப் பார்த்தால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். கையைக் கிட்டே கொண்டுபோக வேண்டியதில்லை.

பைப் சக்கில் வழுக்கினால்: பல் தேய்ந்தது என்று முடிவு கட்டும் முன் கம்பி பிரஷ்ஷால் பற்களின் இடுக்கைச் சுத்தம் செய்யவேண்டும். வருஷக்கணக்கான இரும்புத் தூளும் எண்ணெயும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி அடைத்திருக்கும். பாதி மெஷின்களுக்கு இந்த வைத்தியமே போதும்.

எண்ணெய் வரவில்லை என்றால்: தொட்டியில் அளவு, சல்லடையில் அடைப்பு, உறிஞ்சும் குழாயில் காற்று புகும் ஓட்டை, கடைசியில்தான் பம்ப். மூன்று ஃபேஸ் மோட்டார் உள்ள மெஷினில் இன்னொன்றும் உண்டு. இடம் மாற்றி இணைப்புக் கொடுக்கும்போது ஃபேஸ் மாறிவிட்டால் சக் எதிர்த்திசையில் சுற்றும். டை வெட்டாது. சில மெஷின்களில் பம்ப்பும் எண்ணெய் தூக்காது. ஒரே காரணம், இரண்டு "கோளாறு". இது தெரியாமல் பம்ப்பையும் டையையும் சேர்த்து மாற்றினால் செலவும் இரண்டு.

மரை பார்க்க அழகாக இருந்தும் ஃபிட்டிங் பொருந்தவில்லை என்றால்: டை ஹெட்டின் அளவுக் குறியைச் சரிசெய்யவேண்டும். நல்ல கப்ளிங் ஒன்றைக் கையால் திருகினால் சுமார் மூன்று சுற்று ஏறி நிற்கவேண்டும், அதற்கு மேல் ரெஞ்ச்சின் வேலை. கையாலேயே கடைசிவரை ஓடிவிட்டால் மரை மெலிந்துவிட்டது. ஒரு சுற்றிலேயே நின்றால் தடித்துவிட்டது. பழகிய கைக்கு இது போதும். பெரிய வேலைக்கு ரிங் கேஜ் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

இவ்வளவையும் எந்தப் பாகத்தையும் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

கோளாறே இல்லாத கோளாறு

இனி வருவதுதான் இறக்குமதியான பழைய மெஷின்களில் மனிதரைப் பைத்தியமாக்கும் விஷயம். மெஷின் புத்தம்புதிதுபோல் ஓடுகிறது. டை கூர்மை. எண்ணெய் அருவி. மரை கண்ணாடி மாதிரி. ஆனால் லைனைப் போட்டு அழுத்தம் கொடுத்தால் ஒழுகுகிறது.

காரணம் 19-ம் நூற்றாண்டில் இருக்கிறது. 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் திருகு மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் இரண்டு சரிவுகளுக்கும் இடையே 55 டிகிரி. பிரிட்டிஷ் பைப் மரை அந்த வழியில் வந்தது. அமெரிக்கா 60 டிகிரிக்குப் போனது. ராபர்ட் பிரிக்ஸ் வகுத்த பைப் மரையை 1886-ல் அங்கே பொது அளவாக ஏற்றுக்கொண்டார்கள். இந்தியா பிரிட்டிஷ் வழி. இந்தியத் தர அளவு 554 சொல்லும் பைப் மரை 55 டிகிரிக் குடும்பம்தான்.

இரண்டுமே ஒரே சாய்வு, 16-க்கு 1. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் பைப்புகளில் இரண்டிலும் ஒரு இஞ்சுக்கு 14 மரை. அதனால் அமெரிக்க டை போட்ட அரை இஞ்ச் பைப் இந்திய கப்ளிங்கில் ஒழுங்காக ஏறிவிடும். ஏறியதும் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் 55 டிகிரி பள்ளத்தில் 60 டிகிரி முகடு முழுதாக உட்காராது. மரையைச் சுற்றிச் சுருளாக ஒரு மெல்லிய வழி திறந்தே இருக்கும். சணலும் டெஃப்லான் டேப்பும் அதைச் சில மாதம் மறைக்கும். அப்புறம் ஒழுகும்.

1 இஞ்சிலிருந்து 2 இஞ்ச் வரை கதை வேறு. பிரிட்டிஷ் மரை இஞ்சுக்கு 11, அமெரிக்க மரை பதினொன்றரை. இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். மெஷின் சின்ன பைப்பில் நல்லவன், பெரிய பைப்பில் கெட்டவன் என்றால் சந்தேகப்படவேண்டியது மெஷினை அல்ல, டையில் பொறித்திருக்கும் எழுத்தை. எந்தக் குடும்பத்து மரை என்பதை டையிலேயே பொறித்திருப்பார்கள். எழுத்து அழிந்திருந்தால், நல்ல இந்திய நிப்பிள் ஒன்றின் மரையோடு புது மரையைப் பல்லோடு பல்லாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். 1 இஞ்சில் ஏழெட்டுப் பல் தாண்டுவதற்குள் விலகல் தெரிந்துவிடும். மருந்து எளிது: டை செட்டை மாற்றினால் போதும், மெஷினைத் தொடவேண்டாம்.

இதே ரகத்தில் இன்னொன்று பைப்பின் கனம். இந்தியத் தர அளவு 1239-ன்படி வரும் இரும்புக் குழாய்களில் மஞ்சள் பட்டை லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. அரை இஞ்ச் பைப்பில் சுவரின் கனம் லைட்டில் 2 மி.மீ., மீடியத்தில் 2.6, ஹெவியில் 3.2. இஞ்சுக்கு 14 மரை என்றால் மரையின் ஆழம் சுமார் 1.16 மி.மீ. லைட் பைப்பில் மரை போட்ட பிறகு பள்ளத்தில் மிஞ்சுவது ஒரு மி.மீட்டருக்கும் குறைவு. அந்த இடத்தில் பைப் முறிந்தால் மெஷின் என்ன செய்யும்?

ஒழுகினால் என்ன குடிமுழுகிவிடும்?

ஒரு சொட்டுத் தண்ணீர்தானே என்று தோன்றலாம். காற்று லைனில் ஒழுகுவது கண்ணுக்கே தெரியாது. கம்ப்ரஸர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம்வரை ஒழுகலிலேயே வீணாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் கையேடு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் எல்லாம் நின்றபிறகும் கம்ப்ரஸர் தானாக ஓடி ஓடி நிற்கும் ஷெட்டுகளில் அந்தக் காசு மரை வழியாகத்தான் போகிறது. மாதக் கரண்ட் பில்லில் அது தனி வரியாக வராது, அதனால் யாருக்கும் கோபமும் வராது.

மரை போட்ட பைப்பைத் துடைக்காமல், ஒருமுறை ஊதிவிடாமல் லைனில் இணைத்தால் இரும்புச் சீவலும் கறுப்பு எண்ணெயும் காற்றோடு பயணம் போகும். ஏற்றுமதித் துணியில் ஒரு எண்ணெய்க் கறை என்ன விலை என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சூடான தண்ணீர், கன்டென்சேட் லைன்களில் ஒழுகல் நேரே ஆள் மேல் வரும். பெரிய ஸ்டீம் லைன்களை வெல்டிங்கிலும் ஃபிளாஞ்சிலும் போடுவதும், கொதிகலன் விதிகள் அவற்றைத் தனியாகக் கண்காணிப்பதும் சும்மா இல்லை. மரை இணைப்பு மிஞ்சியிருக்கும் சின்ன லைன்களை அந்த அளவுக்கு யாரும் பார்ப்பதில்லை.

கரண்ட் விஷயம்

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் 115 வோல்ட்டுக்கு, ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டிருக்கலாம். பெயர்ப் பலகையைப் படிக்காமல் 230 வோல்ட்டில் சொருகினால் விலை கொடுத்து வாங்கிய மோட்டார் புகையாகப் போகும். அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இண்டக்‌ஷன் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததாக இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும். வேகக் குறைவைக் கோளாறு என்று நினைத்துக் கியரைப் பிரிக்கவேண்டாம்.

கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் விட்டுவிட்டு ஓடினால் முதலில் பிரஷ்ஷின் நீளத்தைப் பார்க்கவேண்டும். ஒற்றை ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் முதலில் கெப்பாசிட்டரைப் பார்க்கவேண்டும். எதைத் தொடுவதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடவேண்டும். எர்த் வயர் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். உடம்பு முழுக்க இரும்பும் எண்ணெயுமாக இருக்கும் மெஷினில் எர்த் இல்லாத மூன்று பின் பிளக் வெறும் அலங்காரம்.

இப்போது அந்தப் பெடல்

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல மெக்கானிக்குகளுக்குத் தெரிந்ததுதான். அவர்களும் சாதாரணமாகத் தாண்டிப்போகும் ஒரு இடம் இருக்கிறது. பழைய மெஷினோடு கால் பெடல் வரவில்லை என்றால், அல்லது அதன் வயர் அறுந்திருந்தால், இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். சுவிட்ச்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். "ரிப்பேர் முடிஞ்சுதுங்க."

முடியவில்லை. அங்கேதான் ரிப்பேர் கெட்டுப்போனது.

இந்த வகை மெஷினில் நிமிடத்துக்கு 36 சுற்று என்பது சாதாரண வேகம். பார்த்தால் சோம்பேறித்தனமாகச் சுற்றுவதுபோல் இருக்கும், அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. ஒரு கணக்குப் போடலாம். சக்கின் குறுக்களவு 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு சுமார் 47 செ.மீ. 36 சுற்று என்றால் நொடிக்கு 28 செ.மீ. சட்டைக் கை அதில் சிக்கினால் இரண்டு நொடியில் அரை மீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டிவிடும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்குமே அவ்வளவு நீளம் கிடையாது. வேகம் குறைவு என்றால் முறுக்கு விசை அதிகம் என்று அர்த்தம். 2 இஞ்ச் இரும்பில் பள்ளம் பறிக்கும் விசை அது. மனிதக் கைக்காக அது தயங்காது.

சிக்குவதற்கு எத்தனை வழி! கையுறை, முழுக்கைச் சட்டை, தோளில் தொங்கும் துண்டு, மடித்துக் கட்டாத லுங்கி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. பைப்பின் நீளம் 6 மீட்டர், பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும் முனைக்குப் பக்கத்தில் வேறொருவர் நிற்பார். சிக்கியவரால் சுவிட்ச்சை எட்ட முடியாது. கூட நிற்பவர் என்ன நடந்தது என்று உணர்ந்து ஓடிவர எத்தனை நொடி ஆகும்? பெடல் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். தடுமாறும் மனிதனின் கால் தானாகப் பெடலை விட்டு விலகும், மெஷினுக்குப் போகும் கரண்ட் நிற்கும். யோசிக்கவேண்டியதில்லை, எட்டவேண்டியதில்லை, கத்தவேண்டியதில்லை. அதற்காகத்தான் அதைத் தரையில் வைத்தார்கள்.

இன்னொரு உபயோகமும் உண்டு. 2008-லிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாடு பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கும் கரண்ட் போவதும் வருவதும் புதிதல்ல. மரை போடும்போது கரண்ட் போகிறது. சுவிட்ச் "ஆன்" நிலையிலேயே இருக்கிறது. ஆபரேட்டர் டையில் சிக்கிய சீவலைக் கையால் எடுத்துக்கொண்டிருக்கிறார். கரண்ட் வருகிறது. பெடல் இருந்தால், கால் அதன் மேல் இல்லாதவரை மெஷின் அசையாது.

"பெடல் இருந்தா வேலை ஓடாதுங்க"

இந்தப் பதிலில் நியாயமே இல்லை என்று சொல்லமுடியாது. நாள் முழுக்க ஒற்றைக் காலில் அழுத்திக்கொண்டு நிற்பது கஷ்டம். பெடல் சீவலுக்குள் புதைந்துவிடும், வயர் காலில் மிதிபடும். கான்ட்ராக்டருக்கு இத்தனை மீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று பேச்சு, நேரம்தான் காசு. சில மெஷின்கள் தொழிற்சாலையிலிருந்தே பெடல் இல்லாமல் பொத்தானோடு வருகின்றன என்பதும் உண்மை. "இருவது வருசமா இப்படித்தானுங்க ஓட்டறோம், ஒண்ணும் ஆகலீங்க" என்பது கடைசி ஆயுதம்.

ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. கால் வலித்தால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். மேலே மூடி உள்ள கனமான பெடலும் நல்ல கேபிளும் போட்டால் சீவல் பிரச்சினை தீரும். பெடல் இல்லாமலே வந்த மெஷினுக்கு, ஒரு கான்டாக்டர் வைத்துப் பெடலும், கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத ஏற்பாடும் செய்ய ஒரு நல்ல எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். இருபது வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த மெஷினில் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். அதற்குமுன் அது யாரிடம் இருந்தது, அங்கே என்ன ஆயிற்று என்று பழைய மெஷினைக் கேட்டால் சொல்லாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. அவசரத்தில் ஓடும் இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டிக்க ஏற்பாடு வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே 24-வது பிரிவில் சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் இந்த மெஷின் ஒரு மினி லாரியில் காலையில் வந்து சாயங்காலம் போய்விடும் ஜாதி. கம்பெனிக்குள் பையர் ஆடிட் வரும்போது தையல் மெஷினின் ஊசிக் காப்பு இருக்கிறதா, பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அன்றைக்குத் திரெட்டிங் மெஷின் அங்கே இருக்காது. அதை ஓட்டுபவரும் கம்பெனியின் ஆள் இல்லை. கண்காணிப்புக்கு வெளியே இருக்கும் மெஷினுக்கு அதை ரிப்பேர் செய்பவர்தான் கடைசிக் காவல். அவரும் வயரை முறுக்கிவிட்டால் யாரும் மிச்சமில்லை.

என்ன செய்யலாம்?

புது மெஷின் வாங்குங்கள் என்று உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலோ, வேலையை விட்டவரிடமோ வாங்கிய நல்ல மெஷின் இன்னும் ரொம்ப காலம் உழைக்கும். வாங்கும்போது செய்யவேண்டியது இவ்வளவுதான்:

1. கையோடு ஒரு அடி நீள மீடியம் பைப் இரண்டு, அரை இஞ்சிலும் 1 இஞ்சிலும், அந்தந்த அளவு கப்ளிங்கோடு கொண்டுபோகவேண்டும்.

2. பெயர்ப் பலகையில் வோல்ட், ஹெர்ட்ஸ் படிக்கவேண்டும். டையில் பொறித்ததைப் படிக்கவேண்டும்.

3. இரண்டு பைப்பிலும் மரை போடச் சொல்லி, எண்ணெய் வருகிறதா, பைப் ஆடுகிறதா, வழுக்குகிறதா என்று பார்க்கவேண்டும்.

4. கப்ளிங்கைக் கையால் திருகிச் சுற்றுகளை எண்ணவேண்டும்.

5. மெஷின் ஓடும்போது பெடலிலிருந்து காலை எடுக்கச் சொல்லவேண்டும். நின்றால் விலை பேசலாம். பெடலே இல்லையென்றால், அதைப் போடும் செலவை விலையில் கழித்துக்கொண்டு, அன்றைக்கே போட்டுவிடவேண்டும்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒன்று. பெடல் வேலை செய்யாத மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது, பில்லில் "பெடல் இணைக்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். எழுதக் கை கூசும். அந்தக் கூச்சமே பாதிப் பேரைப் பெடல் மாட்டவைக்கும்.

இந்த விஷயங்களைத் தமிழில் எங்கே படிப்பது? மெஷினோடு வந்த ஆங்கிலக் கையேடு முதல் உரிமையாளரோடு போய்விட்டது. மரையைப் பார்த்து வியாதி சொல்லும் பெரியவர்களின் அறிவு அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. ஐ.டி.ஐ.களில் ஃபிட்டர், பிளம்பர் படிப்பு இருக்கிறது. ஒரு பழைய மெஷினை நடுவில் வைத்து, வேண்டுமென்றே டை எண்ணை மாற்றி, சல்லடையை அடைத்து, பின் சக்கைத் தளர்த்தி, "எதையும் கழற்றாமல் என்ன கோளாறு என்று சொல்" என்று பரீட்சை வைத்தால் ஒரு நாளில் கற்றுக்கொள்வது புத்தகத்தில் ஒரு மாதத்துக்குச் சமம். கடைசிக் கேள்வியாகப் பெடலின் வயரை முறுக்கி வைக்கவேண்டும். அதைக் கண்டுபிடிக்காதவருக்கு மற்றதில் எவ்வளவு மார்க் வந்தாலும் ஃபெயில்.

கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். மரை தப்பினால் பைப்பை வெட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். கைக்கு அந்த வசதி இல்லை.